வாணிபமா, உயிரா? – ஹாம்பர்க் நகரில் 1892

ஜெர்மனியின் வடபகுதியில், எல்பே ஆற்றங்கரையில், ஹாம்பர்க், ஆல்டோனா என்று இரண்டு நகரங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. இரண்டுக்கும் நடுவே மலை இல்லை, மதில் இல்லை. சில இடங்களில் ஒரு தெருதான் எல்லை. தெருவின் ஒரு சாரியில் இருந்த வீடுகள் ஹாம்பர்க்கைச் சேர்ந்தவை. எதிர்ச்சாரி வீடுகள் ஆல்டோனாவைச் சேர்ந்தவை. இரு சாரியாரும் பேசிய மொழி ஒன்று. வேலைக்குப் போன துறைமுகம் ஒன்று. குடித்த தண்ணீரும் ஒரே ஆற்றின் தண்ணீர். ஆயினும் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காலரா என்னும் வாந்திபேதி ஹாம்பர்க் சாரியில் வீடு வீடாக நுழைந்து ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. எதிர்ச்சாரியில் நோய் அரிதாகவே தென்பட்டது.

இது எப்படி நேர்ந்தது? விடையின் ஒரு பாதி அறிவியலில் இருக்கிறது. மறு பாதி நகராட்சிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, கடைகளை மூடுவதா திறப்பதா, பிழைப்பா உயிரா என்று நாம் ஒவ்வொருவரும் வாதிட்டோம் அல்லவா? அந்த வாதம் புதியதன்று. ஹாம்பர்க் நகரம் அதை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திப் பார்த்திருக்கிறது. அதற்கு அந்நகரம் கொடுத்த விலை ஏறத்தாழ 8,600 உயிர்கள்.

வணிகர்களின் நகரம்

ஹாம்பர்க் அன்று ஜெர்மன் பேரரசின் பெருந்துறைமுகம். ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தனர். பேரரசுக்குள் இருந்தபோதிலும் அது தன்னைத் தானே ஆண்டுகொண்ட நகரம். மன்னரோ பிரபுவோ அங்கு இல்லை. ஆட்சி செய்தது 18 பேர் கொண்ட செனட். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்களும் வழக்கறிஞர்களும். செனட்டுக்குத் துணையாக 160 பேர் கொண்ட குடிமக்கள் மன்றம் ஒன்று இருந்தது. மன்றத்தில் 40 இடங்கள் வீட்டுடைமையாளர்களுக்கென்றும், 40 இடங்கள் பதவி வகித்த பெரியவர்களுக்கென்றும் ஒதுக்கப்பட்டிருந்தன. மீதி 80 இடங்களுக்கு வாக்களிக்க வேண்டுமானால் நகரக் குடியுரிமை வேண்டும். அதைப் பெறுவதற்கு 30 மார்க் கட்டணம் செலுத்த வேண்டும். அன்றாடங்காய்ச்சியான ஒரு கப்பல்துறைக் கூலியாள் 30 மார்க்குக்கு எங்கே போவான்?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பேரரசின் நாடாளுமன்றத்துக்கு எல்லா ஆண்களும் வாக்களிக்கலாம். 1890இல் நடந்த அத்தேர்தலில் ஹாம்பர்க்கின் மூன்று இடங்களையும் தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியே வென்றது. ஆனால் அதே நகரின் குடிமக்கள் மன்றத்தில் அக்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. பெர்லினில் பேச ஆள் இருந்தார்கள்; சொந்த ஊரின் குடிநீரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

1888இல் பெருஞ்செலவில் புதிய சுங்கமற்ற துறைமுகமும் கிடங்கு வரிசைகளும் கட்டி முடிக்கப்பட்டன. இன்றும் அந்தச் செங்கல் கிடங்குகளைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் போகின்றனர். துறைமுகத்துக்குப் பணம் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு இருந்ததா என்று பார்ப்போம்.

குழாயில் வந்த விலாங்கு

1842இல் ஹாம்பர்க்கில் பெரும் தீ விபத்து நேர்ந்தது. அதன்பின் நகரைத் திருத்தி அமைக்கும் பணியில் வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், அக்காலத்தில் ஐரோப்பாவே வியக்கும்படி, நீர்க்குழாய்களையும் பாதாளச் சாக்கடைகளையும் அமைத்துக் கொடுத்தார். நகருக்குச் சற்று மேலே ஆற்றிலிருந்து நீரை எடுத்து, பெரிய தொட்டிகளில் தேக்கி, வண்டல் படிந்தபின் குழாயில் விட்டனர். வண்டல் படியும், ஆனால் வடிகட்டல் கிடையாது. நகரம் பெருகப் பெருகத் தேக்கி வைக்கும் நேரமும் குறைந்துபோயிற்று.

விளைவு? 1880களில் கிரேப்பெலின் என்ற விலங்கியலறிஞர் ஹாம்பர்க்கின் குடிநீர்க் குழாய்களுக்குள் வாழும் உயிரினங்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். நத்தை, சிப்பி, கடற்பஞ்சின் நன்னீர் உறவினங்கள், புழுக்கள், விலாங்கு மீன் என்று பட்டியல் நீண்டது. விலங்கியலுக்கு அது ஒரு நல்ல நூல். குடிப்பவர்களுக்கு அது நல்ல செய்தி அன்று.

அண்டை நகரமான ஆல்டோனா பிரஷியாவின் ஆட்சியில் இருந்தது. அது தன் நீரை ஹாம்பர்க்குக்குக் கீழே எடுத்தது. அதாவது, ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் ஆற்றில் கலந்த பிறகு உள்ள நீரை! ஆகவே வடிகட்டாமல் குடிக்க முடியாது என்பது ஆல்டோனாக்காரர்களுக்கு மூக்கே சொல்லிவிட்டது. 1859 முதலே அவர்கள் மணல் வடிகட்டிகளைப் பயன்படுத்தி வந்தனர்.

ஹாம்பர்க்கிலும் வடிகட்டி வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் வழக்கு. வீட்டுடைமையாளர்கள் தங்கள் மேல் வரி ஏறுவதை விரும்பவில்லை. நீர் வீணாவதைத் தடுக்க வீடுதோறும் மீட்டர் பொருத்துவதா என்பதிலும் தகராறு. குழு அமைத்தார்கள், அறிக்கை வாங்கினார்கள், திருப்பி அனுப்பினார்கள். ஒருவாறாக 1890இல் முடிவு செய்து, பின்னர் வேலையையும் தொடங்கினார்கள். காலரா வந்தபோது வடிகட்டிகள் பாதி கட்டிய நிலையில் கிடந்தன.

அந்தச் செலவு எவ்வளவு பெரியது? இயற்பியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இங்கே ஒரு சிறு கணக்குப் போட என் கை துடிக்கிறது. மெதுவான மணல் வடிகட்டியில் நீர் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் மணல் ஒரு நாளில் 2.4 கன மீட்டர், அதாவது 2,400 லிட்டர் நீரைத் தரும். ஆறு இலட்சம் பேருக்கு, ஆளுக்கு 100 லிட்டர் வீதம், நாளொன்றுக்கு 60,000 கன மீட்டர் தேவை. வகுத்துப் பாருங்கள்: 25,000 சதுர மீட்டர், ஏறத்தாழ ஆறேகால் ஏக்கர் மணல் படுகை. வீணாகும் நீருக்காக அதை இரண்டு மடங்காக்கினாலும் பன்னிரண்டரை ஏக்கர். மீட்டர் வழக்கின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? வீணாகும் நீர் குறைந்தால் மணல் படுகையும் சிறிதாகும். எப்படியாயினும் ஒரு பெருந்துறைமுகத்தையே கட்டிய நகருக்கு இது மலைபோன்ற செலவன்று.

மலிவான கொள்கை

இனி அறிவியலுக்கு வருவோம். காலரா எப்படிப் பரவுகிறது என்பதில் அன்று இரண்டு கட்சிகள் இருந்தன.

ராபர்ட் காக் 1883இல் எகிப்திலும், 1884இன் தொடக்கத்தில் நமது கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காற்புள்ளி வடிவில் வளைந்த ஒரு நுண்ணுயிரே காலராவின் காரணம் என்று காட்டினார். கல்கத்தாவில் மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே அதைக் கண்டார். அவர் கொள்கைப்படி நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும், கழிவைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், நீரைத் தூய்மையாக்க வேண்டும், வேண்டியபோது போக்குவரத்தையும் தடுக்க வேண்டும்.

மியூனிக் நகரின் பெருமகன் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் இதை ஒப்பவில்லை. கிருமி மட்டும் போதாது; அது மண்ணில் தங்கி, நிலத்தடி ஈரத்தின் நிலைக்கேற்ப நச்சாக மாறினால்தான் நோய் வரும் என்றார் அவர். எனவே கப்பலைத் தடுப்பதும் மனிதனைத் தனிமைப்படுத்துவதும் பயனற்றவை. குடிநீரும் நேர்க் காரணமன்று. பெட்டன்கோஃபரை எள்ளி நகையாட வேண்டியதில்லை. மியூனிக்கின் சாக்கடைகளைச் சீர்படுத்தி அந்நகரின் நலத்தை உயர்த்தியவர் அவர். நேர்மையாகவே தவறான கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அக்கொள்கை யாருக்கு இனித்தது என்பதைப் பாருங்கள். கப்பலை நிறுத்த வேண்டாம், வடிகட்டிக்கு அவசரம் இல்லை, செலவில்லாத கொள்கை! ஹாம்பர்க்கின் சுகாதார அதிகாரிகள் பெட்டன்கோஃபர் பக்கமே சாய்ந்திருந்தனர். ஹாம்பர்க் மட்டுமா? சூயஸ் கால்வாய் வழியே போன கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டனுடையவை. இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களைக் காவலில் நிறுத்தினால் வாணிபம் கெடும். ஆகவே பிரிட்டிஷ் அரசும் காக்கின் முடிவை எதிர்த்தது. அதை மறுத்துரைக்கத் தனிக் குழு ஒன்றையே கல்கத்தாவுக்கு அனுப்பியது. இரண்டு கொள்கைகள் எதிரெதிரே நிற்கும்போது, ஆட்சியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்குச் சோதனைக்கூடச் சான்று மட்டும் காரணமாவதில்லை. பணப்பெட்டியும் ஒரு சொல் சொல்கிறது.

எட்டு நாட்கள்

1892இல் ரஷ்யாவில் காலரா பரவி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயரும் மக்கள், அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள், ஹாம்பர்க் வழியாகத்தான் கப்பலேறினர். நோய் அவர்கள் மூலம் வந்தது என்று அன்று பலர் பழிகூறினர்; அது உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. எவ்வழியாகவோ கிருமி எல்பே ஆற்றில் சேர்ந்தது. அந்தக் கோடை கொடிய வெயில். ஆற்றில் நீர் குறைவு. ஹாம்பர்க் கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் கடலின் ஏற்றவற்றம் அதுவரை எட்டும். ஏற்றத்தின்போது ஆறு பின்னோக்கி ஓடும். அப்போது நகரின் சாக்கடைநீர் மேலே, நீர் எடுக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். நகரமே தன் கழிவைத் தான் குடிக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்டு நடுவில் முதல் நோயாளிகள் இறந்தனர். ஆல்டோனாவில் பணியாற்றிய ஒரு மருத்துவர் இது ஆசியக் காலராவே என்று கண்டுகொண்டார். மேலதிகாரி நம்ப மறுத்தார். ஹாம்பர்க் மருத்துவமனையில் கிருமியை வளர்த்துக் காண முயன்றார்கள். பல நாட்கள் வெற்றி கிட்டவில்லை. 22ஆம் தேதியளவில்தான் உறுதிப்பட்டது. அதன் பின்னும் அதிகாரிகள் தயங்கினர். அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? உலகத் துறைமுகங்கள் ஹாம்பர்க் கப்பல்களுக்குக் கதவைச் சாத்திவிடும். 24ஆம் தேதிதான் அரசு வாயைத் திறந்தது.

முதல் நோயாளிகளைக் கண்டதிலிருந்து எட்டு நாள் தாமதம் பெரிதா என்று கேட்கலாம். நோயாளிகளின் தொகை நாளுக்கு நாள் ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டிருந்தது. இரண்டில் தொடங்கி எட்டு முறை இரட்டித்தால் 512. உண்மையில் மாத இறுதியை நெருங்குகையில் ஒரே நாளில் புதிதாக நோயுற்றவர்கள் ஆயிரத்தை எட்டினர். கொதிக்கவைத்த நீரையே குடியுங்கள் என்ற ஒரு வரி அந்த நாட்களில் சொல்லப்பட்டிருந்தால்! அதற்குச் செலவு அச்சுக்கூலி மட்டுமே.

அந்த மௌன நாட்களிலேயே ‘மொராவியா’ என்ற கப்பல், நோயில்லை என்ற சுகாதாரச் சான்றுடன், குடிபெயர்வோரை ஏற்றிக்கொண்டு நியூயார்க்குக்குப் புறப்பட்டது. நடுக்கடலில் 22 பேர் இறந்தனர். செப்டம்பர் முதல் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரிசன், குடிபெயர்வோரை ஏற்றிவரும் கப்பல்கள் 20 நாட்கள் காவலில் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார். எந்த அடைப்புக்கு அஞ்சி வாயை மூடினார்களோ, அந்த அடைப்பு பன்மடங்காக வந்தது. சான்று பொய் என்று தெரிந்தபின் ஹாம்பர்க் தரும் எந்தச் சான்றை யார் நம்புவார்?

காக் வந்தார்

பேரரசு அரசாங்கம் ராபர்ட் காக்கை ஹாம்பர்க்குக்கு அனுப்பிவைத்தது. மருத்துவமனை, துறைமுகம், குடிபெயர்வோர் கொட்டகை எல்லாவற்றையும் பார்த்தபின், துறைமுகத்தை ஒட்டிய ஏழைகளின் சந்துகளுக்குள் நுழைந்தார். வெயில் புகாத சந்துகள். பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பிடம். தான் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாக அவர் சொன்னாராம். எகிப்தையும் கல்கத்தாவையும் கண்டவர் வாயிலிருந்து வந்த அச்சொல் நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும். ஆனால் ஹாம்பர்க் பெருமக்களுக்கு அது சவுக்கடி.

பின்னர் வேலை விரைவாக நடந்தது. வண்டிகளில் கொதித்த நீர் தெருத் தெருவாகப் போயிற்று. பள்ளிகள் மூடப்பட்டன. கிருமிநீக்கக் குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. ஓல்ஸ்டார்ஃப் இடுகாட்டில் இரவும் பகலும் குழி தோண்டினார்கள். துண்டறிக்கைகளைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கொண்டுசேர்க்க அரசிடம் ஆளில்லை. வேறு வழியின்றி, நேற்றுவரை காவல்துறையை ஏவித் துரத்திவந்த சமூக ஜனநாயகக் கட்சியினரிடமே போய் உதவி கேட்டார்கள். கட்சித் தொண்டர்கள் படிப்படியாக ஏறி இறங்கி அவற்றைக் கொடுத்து முடித்தனர்.

வசதி படைத்தோர் இரயிலேறி வெளியூர் போய்விட்டனர். போகாதவர்கள் வீட்டில் நீரைக் கொதிக்கவைக்க வேலைக்காரி இருந்தாள். தனிக் கழிப்பிடம் இருந்தது. குழாய் நீர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆயினும் வருமானம் குறையக் குறைய நோயின் அளவு ஏறியது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 17,000 பேர் நோயுற்றனர். அவர்களில் பாதிப் பேர் மாண்டனர்.

வாணிபம் என்னவாயிற்று?

கப்பல் போக்குவரத்து நின்றது. ஹாம்பர்க்கிலிருந்து போன சரக்கையும் பயணியையும் ஊர் ஊராக விரட்டினார்கள். துறைமுகக் கூலிகள் வேலையிழந்தனர். நோய்க்குத் தப்பிய குடும்பங்களைப் பட்டினி பிடித்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுகம் மூடினால் முதலில் அடிபடுபவன் கப்பல் முதலாளி அல்லன், அன்றாடக் கூலி. ஆகவே வாணிபத்தைப் பற்றிக் கவலைப்பட்ட வணிகர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடன்று. அதுவரை ஐரோப்பா கண்ட குவாரண்டைன் காவல்கள் பலமுறை தோற்றும் இருக்கின்றன. அதிகாரிகளின் ஐயம் முழுதும் பொய்யன்று.

ஆனால் பிரேமன் நகரைப் பாருங்கள். அதுவும் துறைமுகம், அங்கும் ஆட்சி வணிகர்கள் கையில்தான், அங்கிருந்தும் குடிபெயர்வோர் கப்பலேறினர். அங்கே குடிநீர் மணலில் வடிகட்டப்பட்டு வந்தது. 1892இல் அங்கே காலராவுக்கு ஆளானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வணிகர் ஆண்டதனால் ஹாம்பர்க் கெட்டது என்று சொல்ல முடியவில்லை. முன்பே செலவிட வேண்டிய சிறு தொகையை யார் தருவது என்று இருபது, முப்பது ஆண்டுகள் வழக்காடியதால் கெட்டது. அந்த வழக்கில் ஒரு தரப்பாருக்கு, அதாவது குழாயடியில் நீரைப் பிடித்து அப்படியே குடித்தவர்களுக்கு, வாய் இல்லை.

மணல் செய்த வேலை

ஹாம்பர்க் எல்லைக்குள் ஒரு முற்றத்தைச் சுற்றிய குடியிருப்பு இருந்தது. ஏதோ வசதிக்காக அதற்கு மட்டும் ஆல்டோனாக் குழாயிலிருந்து நீர் தந்திருந்தார்கள். ஏழைகள் நிறைந்த அக்குடியிருப்பைச் சுற்றிலும் காலரா. உள்ளே ஒருவருக்கும் இல்லை. மண்ணும் ஒன்று, காற்றும் ஒன்று, நீர் மட்டும் வேறு. திட்டமிட்டு நடத்திய சோதனைகூட இவ்வளவு தெளிவாக அமையாது. பெட்டன்கோஃபரின் மண் கொள்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன வேண்டும்?

மணல் எப்படிக் கிருமியைப் பிடிக்கிறது? மணல் துகள்களுக்கு இடையேயுள்ள துளைகள் கிருமியைவிட மிகப் பெரியவை. சல்லடைபோல் தடுத்து நிறுத்த முடியாது. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த வழுவழுப்பான படலம் ஒன்று உண்டாகிறது. வடிகட்டும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதே. அங்கே ஒட்டிக்கொள்ளும் கிருமிகளை மற்ற உயிரிகள் தின்றுவிடுகின்றன. நீர் மெல்ல இறங்கினால்தான் இது நடக்கும். ஆகவேதான் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று காக் விதித்தார். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் அமைந்த வடிகட்டிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

அந்தப் படலம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஆல்டோனாவே சான்று. 1893இன் தொடக்கத்தில் கடுங்குளிரில் மணல் பரப்பு உறைந்தது. வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை. கோடையில் தப்பிய அந்நகரில் அப்போது காலரா தலைகாட்டியது.

பின்னர் நடந்தவை

1892 அக்டோபர் 7ஆம் தேதி, 73 வயதான பெட்டன்கோஃபர் காலராக் கிருமி வளர்த்த குழம்பை எல்லோரும் அறியக் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிடாதிருக்கச் சோடா உப்பையும் சேர்த்துக்கொண்டார். இலேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். தம் கொள்கை வென்றதென்றே அவர் கருதினார். உலகம் அவர் துணிவை மெச்சியது; முடிவை ஏற்கவில்லை.

ஹாம்பர்க்கின் வடிகட்டிகள் 1893 மே மாதத்தில் இயங்கத் தொடங்கின. பல்லாண்டு இழுத்தடித்த வேலை, 8,600 சாவுகளுக்குப் பின், சில மாதங்களில் முடிந்துவிட்டது. சுகாதார ஆய்வுக்கூடம் ஒன்று ஏற்பட்டது. துறைமுகத்துக்கென்று பெர்ன்ஹார்ட் நோக்ட் என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டார்; 1900இல் அவர் தொடங்கிய வெப்பமண்டல நோய் ஆய்வு நிலையம் இன்றும் அவர் பெயரால் இயங்குகிறது. அதே 1900இல் தொற்றுநோய்ச் சட்டம் பேரரசு முழுமைக்கும் வந்தது.

வாக்குரிமையும் சற்று இளகியது. 1896இல் குடியுரிமைக் கட்டணம் நீக்கப்பட்டது; ஆனால் தொடர்ந்து ஐந்தாண்டு 1,200 மார்க் வருமானத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். 1901இல் முதல் சமூக ஜனநாயக உறுப்பினர் மன்றத்துக்குள் வந்தார். 1904இல் அவர்கள் 13 பேர் ஆயினர். பதின்மூன்று பேரைக் கண்டே பெருமக்கள் மிரண்டார்கள். 1906இல் சட்டத்தை மீண்டும் திருத்தி, 2,500 மார்க்குக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 48 இடங்களையும், அதற்குக் குறைந்தவர்களுக்கு 24 இடங்களையும் பிரித்துக் கொடுத்தனர். குழாயடியில் நின்றவர்களுக்குச் சமமான வாக்கு 1919இல்தான் கிடைத்தது.